பிளாக்செயின் தரவிலிருந்து வாலட் முகவரிகளைப் பிரித்தெடுத்தல்: பைத்தானில் ஒரு தொடக்க வழிகாட்டி

பிட்காயின் பிளாக்செயினில் வாலட் முகவரி என்று எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பலர், தரவுக் கோப்பைத் திறந்து '1' என்றோ '3' என்றோ தொடங்கும் எழுத்துத் தொடர்களைத் தேடினால் போதும் என்று எண்ணி வருகிறார்கள். கோப்பு முழுவதையும் அலசியும் உருப்படியாக எதுவும் சிக்காதபோது, தரவிறக்கம் பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் மறுபடி தொடங்குகிறார்கள். தரவில் பழுது எதுவும் இல்லை. நாம் தேடும் பொருள் அங்கே வேறு உருவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பரிவர்த்தனையின் வெளியீட்டிலும் இரண்டு செய்திகள் மட்டுமே உள்ளன. ஒன்று தொகை, மற்றொன்று அந்தத் தொகையை யார் எப்படிச் செலவிடலாம் என்று விதிக்கும் சிறு கட்டளைத் தொடர். இந்தக் கட்டளைத் தொடரைப் பூட்டு ஸ்கிரிப்ட் என்று அழைப்போம். நாம் திரையில் காணும் முகவரி, மனிதர்கள் பிழையின்றி நகலெடுப்பதற்காக அந்தப் பூட்டு ஸ்கிரிப்டைச் சுருக்கி, பிழை கண்டறியும் சில எழுத்துகளையும் சேர்த்து எழுதிய வடிவம். எனவே "பிரித்தெடுத்தல்" என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று வேலைகள்: பரிவர்த்தனைகளைக் கண்டுபிடிப்பது, அவற்றின் பூட்டு ஸ்கிரிப்டுகளை இனம் காண்பது, அந்த ஸ்கிரிப்டுகளிலிருந்து முகவரியை நாமே ஆக்கிக்கொள்வது.

முதலில் தேவைப்படுபவை

பைத்தான் 3 உங்கள் கணினியில் இருக்க வேண்டும். பட்டியல், அகராதி, கோப்பைப் படித்தல், சுழற்சி ஆகிய அடிப்படைகள் தெரிந்திருந்தால் போதும். தரவுக்கு பிட்காயின் கோர் என்னும் நோடு மென்பொருளை (பிட்காயின் பிணையத்தில் இணைந்து பிளாக்செயினின் நகலை வைத்திருப்பது) நிறுவிக்கொள்ளுங்கள். முழுப் பிளாக்செயினும் 600 ஜிகாபைட்டுக்கும் மேல் இடம் பிடிக்கும் என்பதால், வட்டில் இடம் இல்லாதவர்கள் பழைய பிளாக்குகளை (பரிவர்த்தனைகளின் தொகுப்புகளை) அழித்துக்கொண்டே செல்லும் 'புரூன்' முறையில் அதை இயக்கலாம். ஆனால் அப்போது அண்மைக்காலப் பிளாக்குகள் மட்டுமே உங்களிடம் இருக்கும்.

எதையும் தரவிறக்காமல் பழக விரும்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 'ரெக்டெஸ்ட்' முறை. இது உங்கள் கணினிக்குள் மட்டும் ஓடும் தனிப் பிளாக்செயின். வேண்டும்போது வேண்டிய அளவு பிளாக்குகளை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம், பணமும் தேவையில்லை. நிரலின் பிழைகளில் பெரும்பாலானவற்றை இங்கேயே களைந்துவிட முடியும். முகவரியின் தொடக்க எழுத்துகளும், பிளாக் கோப்பின் அடையாள பைட்டுகளும் ரெக்டெஸ்டில் வேறாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எளிய வழி: நோடிடமே கேட்பது

புதியவர்கள் இந்த வழியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோடு ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே கணினியின் 8332 என்ற போர்ட் எண்ணில் (முதன்மைப் பிணையத்துக்கு உரியது) அது கேள்விகளை ஜேசன் (JSON) வடிவில் ஏற்று, ஜேசன் வடிவிலேயே பதில் தருகிறது. அடையாளச் சான்றுக்கு, நோடின் தரவுக் கோப்புறையில் 'குக்கி' என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கும். அதிலுள்ள பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிரல் படித்து அனுப்ப வேண்டும். நோடை நிறுத்தித் தொடங்கும்போதெல்லாம் இந்தக் கடவுச்சொல் மாறிவிடும். ஆகவே அதை நிரலுக்குள் எழுதி வைக்காமல், ஒவ்வொரு முறையும் கோப்பிலிருந்தே படிக்கச் செய்யுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. பிளாக்கின் உயர எண்ணை, அதாவது சங்கிலியில் அது எத்தனையாவது என்பதை, கொடுத்து 'கெட்பிளாக்ஹாஷ்' என்று கேட்டால் அதன் ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்) கிடைக்கும். அந்த ஹாஷையும் விவர அளவாக 2 என்ற எண்ணையும் கொடுத்து 'கெட்பிளாக்' என்று கேட்டால், அந்தப் பிளாக்கின் பரிவர்த்தனைகள் அனைத்தும் விரித்து எழுதப்பட்ட நிலையில் வரும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்குள்ளும் 'வவுட்' என்ற வெளியீட்டுப் பட்டியல், அதன் ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் 'ஸ்கிரிப்ட்பப்கீ' என்ற பகுதி, அதற்குள் 'அட்ரஸ்' என்ற புலம். பைத்தானில் இது மூன்று சுழற்சிகளில் முடிந்துவிடும்: உயர எண்களுக்கு ஒன்று, பரிவர்த்தனைகளுக்கு ஒன்று, வெளியீடுகளுக்கு ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. முகவரிப் புலம் எல்லா வெளியீட்டிலும் இருக்காது. அதை நேரடியாகக் கேட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அகராதியின் 'கெட்' செயற்பாட்டைக் கொண்டு கேட்டு, இல்லாவிட்டால் ஸ்கிரிப்டின் வகையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, தொகை தசம எண்ணாக வருகிறது. பைத்தான் அதை மிதவை எண்ணாக மாற்றினால், பல லட்சம் தொகைகளைக் கூட்டும்போது கடைசி இலக்கங்கள் நழுவும். ஜேசனைப் படிக்கும்போதே தசம எண்களை 'டெசிமல்' வகையாக்கச் சொல்லிவிட்டு, பத்துக் கோடியால் பெருக்கி, பிட்காயினின் மிகச்சிறிய அலகான சதோஷிகளாக, அதாவது முழு எண்களாக, வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பழைய வழிகாட்டிகளில் 'அட்ரஸஸ்' என்ற பன்மைப் பெயரில் ஒரு பட்டியலைத் தேடச் சொல்லியிருப்பார்கள். இன்றைய பதிப்புகளில் அந்தப் புலம் இல்லை.

பிளாக் கோப்பை நேரடியாகப் படிப்பது

நோடிடம் கேட்பது எளிது. ஆனால் முழுப் பிளாக்செயினையும் அப்படிக் கடப்பதற்கு நெடுநேரம் ஆகும். மேலும், தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறையாவது கண்ணால் பார்க்காதவருக்கு, பின்னால் வரும் பிழைகளின் காரணம் பிடிபடாது. நோடின் தரவுக் கோப்புறைக்குள் 'பிளாக்ஸ்' என்ற கோப்புறையில் 'பிஎல்கே00000.டேட்' என்று தொடங்கி வரிசை எண்களுடன் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 128 மெகாபைட். ஆவணங்களில் பைட்டுகளைப் பதினறும எண்களாக எழுதுவது வழக்கம். பைத்தானில் ஒரு பைட்டை எடுத்துப் பார்த்தால் 0 முதல் 255 வரையான சாதாரண எண்ணாகவே தெரியும் என்பதால், இங்கே எல்லாவற்றையும் பதின்ம எண்களாகத் தருகிறேன்.

முதல் கோப்பின் முதல் எட்டு பைட்டுகளைப் படித்து அச்சிட்டுப் பாருங்கள். 249, 190, 180, 217, 29, 1, 0, 0 என்று வர வேண்டும். முதல் நான்கும் பிட்காயின் முதன்மைப் பிணையத்தின் அடையாள பைட்டுகள். ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் இவை வரும். அடுத்த நான்கும் அந்தப் பிளாக்கின் நீளம். பிட்காயின் தரவில் எண்கள் சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் வரிசையில் எழுதப்படுகின்றன. ஆக 29, 1, 0, 0 என்பது 29 உடன் 256ஐக் கூட்டிய 285. பிளாக்செயினின் முதல் பிளாக் 285 பைட் நீளமுடையது. எனவே 8 பைட்டும் 285 பைட்டும் கடந்து, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 293ஆவது இடத்தில், மறுபடியும் 249, 190, 180, 217 தென்பட வேண்டும். தென்பட்டால் உங்கள் நிரல் கோப்பைச் சரியாகப் படிக்கிறது.

அந்த எட்டு எண்களும் வேறாக இருந்தால் பதற வேண்டாம். பிட்காயின் கோர் 28.0 பதிப்பிலிருந்து, புதிதாகத் தரவிறக்கும் நோடுகள் பிளாக் கோப்புகளை எட்டு பைட் திறவுகோல் ஒன்றால் மறைத்தே வட்டில் எழுதுகின்றன. திறவுகோல் அதே கோப்புறையில் 'எக்ஸ்ஓஆர்.டேட்' என்ற கோப்பில் இருக்கிறது. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும், அதன் இட எண்ணை எட்டால் வகுத்து வரும் மீதி எந்த எண்ணோ அந்த இடத்துத் திறவுகோல் பைட்டோடு 'எக்ஸ்ஓஆர்' (பிட்டுகள் வேறானால் 1, ஒன்றானால் 0) செய்தால் அசல் பைட் வந்துவிடும். இட எண்ணைக் கோப்பின் தொடக்கத்திலிருந்தே எண்ண வேண்டும். பிளாக்கின் தொடக்கத்திலிருந்து எண்ணினால், முதல் பிளாக் தப்பினாலும் இரண்டாவது பிளாக்கிலேயே எல்லாம் கலைந்துபோகும்.

இனி பிளாக்குக்குள் நுழைவோம். முதல் 80 பைட் தலைப்பகுதி: பதிப்பு எண் 4, முந்தைய பிளாக்கின் ஹாஷ் 32, மெர்க்கல் வேர் (பரிவர்த்தனைகளின் ஒட்டுமொத்த ஹாஷ்) 32, நேரம் 4, கடின அளவு 4, நான்ஸ் (பிளாக்கை உருவாக்குவோர் மாற்றி மாற்றிப் பார்க்கும் எண்) 4. முதல் பிளாக்கில் நேரத்துக்குரிய நான்கு பைட்டுகள் 41, 171, 95, 73. சேர்த்தால் 1231006505, அதாவது 2009 ஜனவரி 3. தலைப்பகுதிக்குப் பின் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை வருகிறது. இந்த எண்ணிக்கையும், பின்னால் வரும் எல்லா எண்ணிக்கைகளும் நீளங்களும், மாறு நீள எண்ணாக எழுதப்பட்டவை: முதல் பைட் 252 அல்லது அதற்குக் கீழ் என்றால் அதுவே எண், 253 என்றால் அடுத்த 2 பைட்டிலும், 254 என்றால் அடுத்த 4 பைட்டிலும், 255 என்றால் அடுத்த 8 பைட்டிலும் எண் இருக்கும். இதற்கென ஒரு தனிச் செயற்பாட்டை முதலில் எழுதிவிடுங்கள். பிறகு எங்கும் அதைத்தான் அழைக்கப்போகிறீர்கள்.

பரிவர்த்தனை ஒன்றின் அடுக்கு இது: பதிப்பு எண் 4 பைட், உள்ளீடுகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு உள்ளீட்டிலும் முந்தைய பரிவர்த்தனையின் அடையாளம் 32 பைட், அதன் எத்தனையாவது வெளியீடு என்பது 4 பைட், ஸ்கிரிப்டின் நீளம், ஸ்கிரிப்ட், தொடர் எண் 4 பைட், பின் வெளியீடுகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு வெளியீட்டிலும் தொகை 8 பைட், பூட்டு ஸ்கிரிப்டின் நீளம், பூட்டு ஸ்கிரிப்ட், கடைசியில் பூட்டு நேரம் 4 பைட். முதல் பிளாக்கின் ஒரே பரிவர்த்தனையில் தொகைக்குரிய எட்டு பைட்டுகள் 0, 242, 5, 42, 1, 0, 0, 0. கணக்கிட்டால் 500 கோடி சதோஷி, அதாவது 50 பிட்காயின். அதையடுத்து 67 என்ற நீளமும், 67 பைட் பூட்டு ஸ்கிரிப்டும் வரும்.

இந்த அடுக்கை நம்பி நான் எழுதிய முதல் நிரல், எட்டு ஆண்டுத் தரவைத் தடையின்றிக் கடந்து, 2017 ஆகஸ்டுக்கு வந்ததும் குழம்பியது. உள்ளீடுகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று படித்து, அதன்பின் கோடிக்கணக்கான பிட்காயின் தொகைகளை அச்சிட்டது. என் சுழற்சியில்தான் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். உண்மையில், 481824ஆவது பிளாக்கில் செக்விட் (கையெழுத்துத் தரவைத் தனியே பிரித்து வைக்கும் மாற்றம்) நடைமுறைக்கு வந்தபோது ஒரு புதிய எழுத்து வடிவமும் வந்தது. அந்த வகைப் பரிவர்த்தனைகளில் பதிப்பு எண்ணுக்கு அடுத்து 0, 1 என்ற இரண்டு பைட்டுகள் அடையாளமாக நிற்கும். உள்ளீடுகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகே தொடங்கும். வெளியீடுகளுக்கும் பூட்டு நேரத்துக்கும் இடையில், ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் உரிய சாட்சித் தரவு இருக்கும்: எத்தனை துண்டு என்ற எண்ணிக்கை, பிறகு ஒவ்வொரு துண்டின் நீளமும் துண்டும். முகவரிக்காக அதைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் சரியான தூரம் தாண்டியாக வேண்டும். ஒரு பைட் தவறினாலும் அடுத்த பரிவர்த்தனை முழுவதும் பொருளற்றதாகிவிடும்.

பரிவர்த்தனையின் அடையாளத்தை நீங்களே கணக்கிடுவதாயின், அந்த இரண்டு பைட்டுகளையும் சாட்சித் தரவையும் நீக்கிவிட்டு, மீதியை ஷா256 முறையில் இருமுறை ஹாஷ் செய்து, விடையைத் திருப்பிப்போட வேண்டும். திருப்பிப்போடுவதை மறந்தவர்களின் அடையாளங்கள் பிளாக்செயினைத் தேடிக் காட்டும் எந்த இணையத் தளத்திலும் கிடைப்பதில்லை.

பூட்டு ஸ்கிரிப்டை இனம் காணுதல்

வேலையின் இதயம் இதுதான். பெரும்பாலான பூட்டு ஸ்கிரிப்டுகள் சில நிலையான அச்சுகளில் வார்க்கப்பட்டவை. நீளத்தையும் மாறாத பைட்டுகளையும் ஒருசேரப் பார்த்தால் எது எந்த வகை என்று ஐயமின்றித் தெரிந்துவிடும்.

நெடுங்காலமாகப் புழங்கிவரும் வகை, பொது விசையின் (உரியவரின் கையெழுத்தைப் பிறர் சரிபார்க்க உதவும் எண்) ஹாஷுக்குப் பூட்டுவது. இதன் நீளம் 25. தொடக்கத்தில் 118, 169, 20 என்ற மூன்று பைட்டுகள், நடுவில் 20 பைட் ஹாஷ், முடிவில் 136, 172. இதிலிருந்து '1' என்று தொடங்கும் முகவரி உருவாகும். ஸ்கிரிப்டின் ஹாஷுக்குப் பூட்டும் வகை 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது; நீளம் 23, தொடக்கம் 169, 20, நடுவில் 20 பைட் ஹாஷ், முடிவில் 135. இதன் முகவரி '3' என்று தொடங்கும். செக்விட்டின் இரு வகைகளும் மிகவும் எளிமையானவை: 0, 20 என்று தொடங்கி 20 பைட் ஹாஷோடு முடியும் 22 பைட் ஸ்கிரிப்ட் ஒன்று, 0, 32 என்று தொடங்கி 32 பைட் ஹாஷோடு முடியும் 34 பைட் ஸ்கிரிப்ட் மற்றொன்று. 2021 நவம்பரில் 709632ஆவது பிளாக்கில் செயல்பாட்டுக்கு வந்த டேப்ரூட் என்ற அடுத்த மேம்பாட்டின் ஸ்கிரிப்ட், 81, 32 என்று தொடங்கி 32 பைட்டோடு முடியும்; அந்த 32 பைட்டும் ஹாஷ் அல்ல, நேரடியான பொது விசை.

தொடக்க பைட்டுகளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 118, 169 என்று தொடங்கி வேறு விதமாக முடியும் விசித்திர ஸ்கிரிப்டுகளை யாரும் எழுதிவிடலாம்; பிளாக்செயின் அதைத் தடுப்பதில்லை. நீளம், முன்பகுதி, பின்பகுதி மூன்றும் பொருந்தினால் மட்டுமே முகவரி. இல்லையேல் 'மற்றவை' என்ற வகையில் போட்டுவிடுங்கள்.

முகவரியே இல்லாத வெளியீடுகளும் உண்டு. 106 என்ற பைட்டில் தொடங்குபவை குறிப்புத் தரவு சுமப்பவை. அவற்றை யாராலும் செலவிட முடியாது. பல பொது விசைகளை அப்படியே வரிசையாக எழுதி, இத்தனை பேர் கையெழுத்திட வேண்டும் என்று விதிக்கும் பழைய கூட்டுப் பூட்டுகளுக்கும் தனி முகவரி வடிவம் கிடையாது. தொடக்க காலத்தில் மிகுதியாக இருந்த இன்னொரு வகை, பொது விசையை ஹாஷ் செய்யாமல் அப்படியே வைப்பது: 65 என்ற பைட், 65 பைட் விசை, 172 என 67 பைட்; அல்லது 33, 33 பைட் விசை, 172 என 35 பைட். முதல் பிளாக்கில் நாம் பார்த்த 67 பைட் ஸ்கிரிப்ட் இந்த வகைதான். இதற்கு நோடு முகவரி காட்டுவதில்லை. ஆனால் பல இணையத் தளங்கள் விசையை ஹாஷ் செய்து '1' முகவரியாகக் காட்டுகின்றன. எது சரி என்று வாதிடுவதைவிட, உங்கள் பட்டியலில் வகை என்ற நெடுவரிசை ஒன்றை வைத்து, எதை எப்படி ஆக்கினீர்கள் என்று பதிவு செய்துவிடுவதே நேர்மையான வழி.

பைட்டுகளை முகவரியாக்குதல்

'1', '3' முகவரிகளுக்கு பேஸ்58 என்ற எழுத்துமுறை பயன்படுகிறது. எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 58 குறிகள். ஒன்றோடொன்று குழம்பக்கூடிய பூஜ்யம், பெரிய 'ஓ', பெரிய 'ஐ', சிறிய 'எல்' ஆகிய நான்கும் விலக்கப்பட்டவை. 20 பைட் ஹாஷுக்கு முன்னால் ஒரு பதிப்பு பைட்டைச் சேருங்கள்: '1' முகவரிக்கு 0, '3' முகவரிக்கு 5. இந்த 21 பைட்டுகளை இருமுறை ஷா256 செய்து, விடையின் முதல் நான்கு பைட்டுகளைப் பின்னால் ஒட்டுங்கள். கிடைக்கும் 25 பைட்டுகளை ஒரே பெரிய எண்ணாகக் கொண்டு, 58ஆல் மீண்டும் மீண்டும் வகுத்து, மீதிகளைக் குறிகளாக மாற்றி, தலைகீழாக அடுக்கினால் முகவரி. முன்னால் நிற்கும் ஒவ்வொரு பூஜ்ய பைட்டுக்கும் ஒரு '1' சேர்க்க வேண்டும். பதிப்பு பைட்டுக்கு மட்டும் ஒரு '1' சேர்த்து நிறுத்திவிட்டால் முகவரி சில வேளைகளில் மட்டும் தவறாக வரும். அத்தகைய பிழையைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். பேஸ்58 என்ற பெயரிலேயே ஆயத்த நூலகம் உண்டு. ஆனாலும் ஒருமுறை கையால் எழுதிப் பார்த்துவிட்டு நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

பொது விசையை நேரடியாக வைத்திருக்கும் பழைய ஸ்கிரிப்டுகளுக்கு மட்டும், முதலில் விசையை ஷா256 செய்து, அதன் விடையை ரிப்எம்டி160 என்ற மற்றொரு முறையில் ஹாஷ் செய்ய வேண்டும். சில கணினிகளில் பைத்தானின் ஹாஷ்லிப் நூலகம் ரிப்எம்டி160 கிடைக்கவில்லை என்று சொல்லும். அது உங்கள் நிரலின் பிழை அன்று. கீழே உள்ள ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு அதை ஒதுக்கி வைத்திருப்பதால் வருவது. வேறொரு குறியாக்க நூலகத்தை நிறுவினால் தீர்ந்துவிடும்.

செக்விட், டேப்ரூட் முகவரிகள் 'பிசி1' என்று தொடங்குபவை. இவற்றில் பைட்டுகளை ஐந்து ஐந்து பிட்டுகளாகப் பிரித்து 32 குறிகளில் எழுதுகிறார்கள். பதிப்பு 0க்கு பெக்32 முறை. பதிப்பு 1 முதல் பெக்32எம் முறை. இரண்டுக்கும் வேறுபாடு, சரிபார்ப்புக் கணக்கின் முடிவில் சேரும் ஒரு மாறிலி மட்டுமே: முன்னதில் 1, பின்னதில் 734539939. டேப்ரூட் முகவரிக்குப் பழைய மாறிலியைப் பயன்படுத்தினால், பார்வைக்குச் சரியாகத் தோன்றும், ஆனால் எந்த வாலட்டும் ஏற்காத முகவரி கிடைக்கும். இந்தக் கணக்கைப் புதிதாக எழுத முயல வேண்டாம். முறையை வகுத்தவர்களில் ஒருவரான பீட்டர் வூய்லே பைத்தானிலேயே முன்மாதிரி நிரலை வெளியிட்டிருக்கிறார். விரைவான சோதனை ஒன்று: 20 பைட் செக்விட் முகவரி 42 எழுத்துகள் நீளமாகவும், 32 பைட் முகவரிகள் 62 எழுத்துகள் நீளமாகவும் இருக்க வேண்டும்.

அனுப்பியவரின் முகவரி

இதுவரை பார்த்தது பெறுபவரின் பக்கம். உள்ளீட்டில் முகவரி இல்லை, தொகையும் இல்லை. எந்தப் பரிவர்த்தனையின் எத்தனையாவது வெளியீட்டைச் செலவிடுகிறோம் என்ற சுட்டு மட்டுமே உண்டு. எனவே அனுப்பிய முகவரி வேண்டுமானால், அந்தப் பழைய வெளியீட்டுக்குப் போய் அதன் பூட்டு ஸ்கிரிப்டைப் பார்க்க வேண்டும். நோடின் 'கெட்பிளாக்' கேள்விக்கு விவர அளவு 3 கொடுத்தால், ஒவ்வொரு உள்ளீட்டுக்குள்ளும் 'பிரிவவுட்' என்ற பகுதியில் பழைய தொகையும் முகவரியும் சேர்ந்தே வந்துவிடும். பெரும்பாலோர்க்கு இதுவே போதுமானது. கோப்பை நேரடியாகப் படிக்கிறவர்கள், பரிவர்த்தனை அடையாளமும் வெளியீட்டு எண்ணும் சேர்ந்த இணையைத் திறவுகோலாக வைத்துத் தரவுத்தளம் ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பிளாக்கின் முதல் பரிவர்த்தனைக்கும் அனுப்பியவர் கிடையாது. அது புதிதாக உருவாகும் பிட்காயின். அதன் சுட்டில் 32 பூஜ்யங்களும், வெளியீட்டு எண்ணின் இடத்தில் நான்கு 255களும் இருக்கும். உள்ளீட்டிலுள்ள பொது விசையை ஹாஷ் செய்து அனுப்பியவரை ஊகிக்கும் குறுக்கு வழியைச் சில நிரல்களில் காணலாம். சில வகைகளுக்கு அது பொருந்தும், சிலவற்றுக்குத் தவறான முகவரியைத் தரும். சுட்டைப் பின்தொடர்வதே நம்பகமானது.

சேமித்துவைத்தல்

முகவரிகளைப் பைத்தானின் 'செட்' ஒன்றில் சேர்த்துக்கொண்டே போனால், சில ஆயிரம் பிளாக்குகளுக்கு எல்லாம் நன்றாக ஓடும். பிறகு நினைவகம் நிரம்பிக் கணினி திணறும். எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பிளாக் உயரம், பிளாக் ஹாஷ், பரிவர்த்தனை அடையாளம், வெளியீட்டு எண், வகை, முகவரி, சதோஷி எனும் நெடுவரிசைகளை அமைத்து, சில நூறு பிளாக்குகளுக்கு ஒருமுறை மொத்தமாக உறுதிசெய்து எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் உறுதிசெய்தால் வேகம் படுத்துவிடும். முகவரிக்கான குறியீட்டை (விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ்) எல்லாத் தரவும் ஏறிய பிறகு கட்டுங்கள். கடைசியாக முடித்த உயரத்தையும் பதிந்துவைத்தால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பிளாக் ஹாஷையும் சேர்த்து வைக்கச் சொன்னதற்குக் காரணம், சங்கிலியின் நுனி மாறக்கூடியது என்பதே. இரண்டு பிளாக்குகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உருவானால், அவற்றில் ஒன்று பின்னர் கைவிடப்படும். நுனியிலிருந்து ஆறு பிளாக்குகள் பின்னே நிறுத்திக்கொள்வது நல்ல வழக்கம். பிளாக் கோப்புகளில் கைவிடப்பட்ட பிளாக்குகளும் அப்படியே கிடக்கும். பிளாக்குகள் உயர வரிசையிலும் இருப்பதில்லை. ஆகவே தலைப்பகுதியிலுள்ள முந்தைய ஹாஷைக் கொண்டு சங்கிலியை நீங்களே கோத்துப் பார்த்து, முதன்மைச் சங்கிலியில் சேராதவற்றை விலக்க வேண்டும்.

கிடைத்த பட்டியலில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கையை மனிதர்களின் எண்ணிக்கையாகக் கொள்ள வேண்டாம். வாலட்டுகள் பொதுவாக ஒவ்வொரு வரவுக்கும், ஒவ்வொரு மீதித் தொகைக்கும் புதிய முகவரி உருவாக்குகின்றன. மறுபுறம், ஒரு பரிமாற்றகத்தின் ஒரே முகவரிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கலாம். முகவரியோடு ஒருவருடைய பெயரை இணைத்து வெளியிடுவது அவருடைய வரவு செலவு முழுவதையும் எல்லோர் முன்னும் திறந்துவைப்பதாகும். ஆய்வுக்கு அது தேவையே இல்லை. பணத்தைச் செலவிட உதவும் இரகசிய எண்ணான தனி விசை எதுவும் பிளாக்செயினில் எழுதப்படுவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். முகவரியிலிருந்து தனி விசையை எடுத்துத் தருவதாகச் சொல்லும் நிரலைக் கண்டால் நிறுவாமல் விலகிவிடுங்கள்.

எத்தீரியத்தில் இதே வேலை

எத்தீரியம் என்ற மற்றொரு பிளாக்செயினைப் படிப்பவர்களுக்குப் பாதி வேலை மிச்சம், ஏனெனில் அங்கே பெறுபவரின் 20 பைட் முகவரி பரிவர்த்தனையிலேயே இருக்கிறது. அனுப்பியவரின் முகவரியைக் கையெழுத்திலிருந்து கணக்கிட்டு நோடே தந்துவிடும். பெறுபவர் புலம் வெற்றாக இருந்தால் அது புதிய ஒப்பந்தம் (பிளாக்செயினிலேயே இயங்கும் நிரல்) உருவான பரிவர்த்தனை. டோக்கன் பரிமாற்றங்களைக் காண நிகழ்வுப் பதிவுகளைப் பார்க்க வேண்டும்: அங்கே அனுப்பியவரும் பெற்றவரும் 32 பைட் புலங்களில் இருப்பார்கள், முதல் 12 பூஜ்ய பைட்டுகளை வெட்டிவிட்டால் மீதி 20 பைட்டும் முகவரி. பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் கலப்பு அங்கே சரிபார்ப்புக்காக வைக்கப்பட்டது. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்காவிட்டால் ஒரே முகவரி இரண்டாகத் தெரியும். ஒப்பந்தங்களுக்கு உள்ளே நிகழும் ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) மாற்றங்கள் இவற்றில் எதிலும் தென்படாது. அவற்றுக்கு நோடின் தடம் காட்டும் வசதி தேவை.

நிரல் சரியா என்று பார்த்தல்

முழுச் சங்கிலியிலும் ஓடவிடும் முன், விடை தெரிந்த பிளாக்குகளில் ஓட்டிப் பாருங்கள். 170ஆவது பிளாக்கில், 2009 ஜனவரி 12 அன்று, பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ, நிரலாளர் ஹால் ஃபின்னிக்கு 10 பிட்காயின் அனுப்பிய பரிவர்த்தனை உள்ளது. உங்கள் நிரல் அதில் 10, 40 என இரண்டு வெளியீடுகளைக் காட்ட வேண்டும். இரண்டும் நேரடிப் பொது விசை வகை என்பதால் நோடின் முகவரிப் புலம் இரண்டிலும் இருக்காது. நிரல் இங்கே பிழை காட்டி நின்றால், இல்லாத புலத்தைக் கேட்கிறீர்கள் என்று பொருள். அடுத்து 57043ஆவது பிளாக்: 2010 மே 22 அன்று பீட்சாவுக்காகக் கொடுக்கப்பட்ட 10,000 பிட்காயின் இங்கே இருக்கிறது. அந்த வெளியீட்டின் பூட்டு ஸ்கிரிப்ட் 25 பைட் நீளமாகவும், நீங்கள் ஆக்கிய முகவரி '1' என்று தொடங்குவதாகவும், நோடு காட்டும் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்தும் இருக்க வேண்டும். இறுதியாக, 709632க்குப் பிந்தைய நூறு பிளாக்குகளை எடுத்து, நோடு தந்த முகவரிகளையும் கோப்பிலிருந்து நீங்களே ஆக்கிய முகவரிகளையும் இரண்டு பட்டியல்களாக்கி ஒப்பிடுங்கள். நேரடிப் பொது விசை வெளியீடுகளைத் தவிர வேறு எங்கேனும் ஒரு வரி மாறினாலும் அந்த வரியின் ஸ்கிரிப்டைப் பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு முழுச் சங்கிலிக்குச் செல்லுங்கள்.